சத்தம் என் பங்கு

என் அண்ணனுக்குப் பேச்சு போன பிறகு நான் தெருத்தெருவாக அலைந்து தேடியது மருந்தை இல்லை, மிட்டாய்க் காகிதத்தை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நரைத்த தலையும் மூட்டுவலியுமாக ஒருத்தி லஸ் முனையில் பழைய புத்தகக் குவியலுக்கு முன்னால் குனிந்து நின்று, "பழைய பபுள்கம் பேப்பர் இருக்கா? உள்ள படக்கதை போட்டிருக்குமே" என்று கேட்டால் கடைக்காரருக்கு என்ன தோன்றும் என்று எனக்கும் தெரியும். ஒருவர் பாவப்பட்டு உட்கார ஸ்டூல் போட்டார். தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார்.

அண்ணன் இருப்பது சாந்தோமில், கோயிலுக்குப் பின்தெருவில், நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த வீட்டில். அண்ணி போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகன் கனடாவில். நான் அடையாறில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தான் என்பது பென்ஷன் ஆபீசுக்கு மட்டும்தான் ஞாபகம். மற்றவர்களுக்கு அவன் வாசகம் வாசிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மைக் முன்னால் நின்று வேதாகமத்திலிருந்து வாசிக்க, கோயிலில் முறை வைத்து ஆள் போடுவார்கள். அண்ணனின் முறை வருகிற வாரம், பின்பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பேச்சும் அப்படித்தான். மீன் வாங்கப் போனால் மீன்காரம்மாவின் பேத்திக்கு வரன் பார்க்கிறவரை பேசிவிட்டு, மீனை மறந்துவிட்டு வருவான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்தாள்.

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. ஆ, ஊ என்றுகூட வரவில்லை. "முதல் சில மாசத்துல எவ்வளவு வருதோ அதைத்தான்மா நம்பலாம். அதுக்கப்புறம் வர்றது கஷ்டம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து நாள்காட்டித் தாளைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அண்ணன் வீட்டுச் சுவரில் பழைய தேதியே தொங்கிக்கொண்டிருந்தது.

கனடாவிலிருந்து அண்ணன் மகன் தினமும் வீடியோவில் வருவான். அண்ணன் போனின் கண்ணாடித் திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பான், பிறகு ஜன்னலைப் பார்ப்பான். ஒரு நாள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான்.

"அத்தை, அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. நான் யாருன்னே தெரியல. அவருக்கு இந்த வீட்ல இருந்தாலும் ஒண்ணுதான், ஒரு ஹோம்ல இருந்தாலும் ஒண்ணுதான். அங்கன்னா எந்நேரமும் நர்ஸ் இருப்பாங்க. உங்களுக்கும் வயசாகுது."

"அவனுக்கு எல்லாம் புரியுதுடா."

"எப்படிச் சொல்றீங்க?"

எப்படிச் சொல்வது? கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியும் என்று சொன்னால் அது ஒரு பதிலா? அவன் கெட்டவன் இல்லை. சோழிங்கநல்லூர் தாண்டி ஏதோ ஒரு முதியோர் இல்லத்தை நன்றாக விசாரித்து, படமெல்லாம் அனுப்பியிருந்தான். தோட்டம் இருந்தது, பெரிய ஜன்னல்கள் இருந்தன. அதில் இருந்த கிழவர்கள் எல்லாரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "நான் லீவு போட்டு வர்றேன் அத்தை. நான் வர்றதுக்குள்ள அப்பா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை புரிஞ்சு சொல்லிட்டார்னா பேச்சே இல்ல. வீட்லயே இருக்கட்டும்."

ஒரு வார்த்தை. வாழ்நாள் முழுக்கக் காது புளிக்கப் பேசியவனிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண், பொறுமைசாலி. ஆப்பிள், பூனை, குடை என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "சார், இது என்ன?" என்பாள். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். கோயிலே எழுந்து உட்காரும்படி வாசித்த மனிதனிடம் பூனைப் படத்தைக் காட்டினால் அவன் என்னதான் செய்வான்? நான் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன், கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வார்த்தை கஷ்டமா இருந்தா சத்தத்துல ஆரம்பிக்கலாம்மா. மியாவ், பாம் பாம், டம்னு. சத்தம் ஈஸியா வரும். அடிமேல் அடிவெச்சா அம்மியும் நகரும்" என்றாள். அந்த நிமிஷம்தான் எனக்கு அந்தக் காகிதங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது உள்ளூர்க் கம்பெனி ஒன்று போட்ட பபுள்கம் அது. ரோஸ் நிறம், மேலே மாவு தூவியிருக்கும். வெளிக் காகிதத்துக்கு உள்ளே இன்னொரு மெழுகுத்தாள். அதில் நான்கு கட்டத்தில் ஒரு படக்கதை. ஒரு குண்டுப் பையனும் பேசும் நாய் ஒன்றும் எல்லாக் கதைகளிலும் வருவார்கள். கதை ஒன்றும் பிரமாதமில்லை; யாராவது விழுவார்கள், யாராவது அடி வாங்குவார்கள். பிரமாதம் எழுத்தில்தான். விழுந்தால் தொபுக்கடீர். கன்னத்தில் அறைந்தால் பளார். தலையில் பானை விழுந்தால் ணங். வண்டி பிரேக் போட்டால் கிறீச். பேச்சு வரும் எழுத்தெல்லாம் எறும்புமாதிரி குட்டியாக இருக்க, சத்தம் வரும் எழுத்து மட்டும் கொழுத்துப்போய், சாய்ந்து, கட்டத்தின் கோட்டையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். எழுதியவருக்கு இடக்கணக்கு வராது போலிருக்கிறது. "டமா" வரை ஆசை ஆசையாகப் பெரிதாக எழுதிவிட்டு "ல்"லுக்கு இடமில்லாமல் மூலையில் கொசு மாதிரி ஒட்டிவைத்திருப்பார். சிவப்பு மை கோட்டுக்குள் நிற்காது, பக்கத்துக் கட்டத்து நாயின் மூக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

அம்மாவுக்குப் பபுள்கம் என்றாலே ஆகாது, குடலில் ஒட்டிக்கொள்ளும் என்பாள். அதனால் கோயில் மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் தின்போம். எனக்கு அப்போது எழுத்துக் கூட்டவே தெரியாது. அண்ணன் காகிதத்தை முழங்காலில் வைத்து நீவி, விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டி, குண்டுப் பையனுக்கு ஒரு குரலும் நாய்க்கு ஒரு குரலுமாக வாசிப்பான். கொழுத்த எழுத்து வந்ததும் விரலை நிறுத்தி என்னைப் பார்ப்பான். நான் கத்துவேன். நான் கத்தினால்தான் அவன் அடுத்த கட்டத்துக்குப் போவான். எங்களுக்குள் யாரும் போட்டுவைத்த ஏற்பாடு இல்லை அது, அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு காகிதத்தையும் அது கிழிகிறவரை படித்தோம்.

அந்தக் காகிதங்களை நாங்கள் எடுத்துவைக்கவில்லை. யார் எடுத்துவைப்பார்கள்? மயிலாப்பூர் முழுக்கச் சுற்றினேன், தி.நகரில் பழைய சாமான் விற்கிறவர்களிடம் கேட்டேன். கடைசியில் கோட்டூர்புரத்தில் தீப்பெட்டிப் படம், பஸ் டிக்கெட், மிட்டாய்க் காகிதம் எல்லாம் சேர்க்கிற ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். போனேன். ஸ்டாம்பு ஆல்பம் மாதிரி பிளாஸ்டிக் உறைகளில் குண்டுப் பையன் வரிசையாக உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய், "மேடம், மேலே கண்ணீர் பட்டுடப்போகுது" என்று ஆல்பத்தை நகர்த்தினார். தரமாட்டேன் என்றார், தொடக்கூடாது என்றார், கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். மனதுக்குள் அவரை என்னென்ன திட்டினேன் என்று எழுதினால் அச்சில் வராது. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் வரவழைத்து, ஒவ்வொரு உறையாகப் பிடித்துக் காட்டினார். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

தி.நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவற்றைப் பெரிய தாளில் கலரில் போடச் சொன்னேன். பிரிண்டரிலிருந்து வெளியே வந்த முதல் தாளைப் பார்த்துக் கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார்.

"இன்னாக்கா இது, ணங்னு கீது? ஸ்கூல் புராஜக்டா?"

"எங்க அண்ணனுக்கு. பேச்சு வரணும்."

அவர் தாள் மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து, கயிறு கட்டிக் கொடுத்தார்.

தினமும் காலை அடையாறிலிருந்து பஸ் பிடித்து வருவேன். அண்ணனைப் பகலில் பார்த்துக்கொள்ள நொச்சிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் வருவாள். அவள் அவனைத் துடைத்து, சட்டை மாற்றி, கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருப்பாள். நான் தாளை நீட்டி, குண்டுப் பையன் குரலில், நாய்க் குரலில், தொண்டை கிழிய வாசிப்பேன். சத்தம் வருகிற கட்டத்தில் நிறுத்தி, அவன் வாயையே பார்ப்பேன். "சொல்லுண்ணா. டமால். டமால்னு சொல்லு. ட... ட..." என் உதட்டைப் பார்க்கச் சொல்வேன். அவன் தாளைப் பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். ஏதோ எதிர்பார்க்கிறவன் போலப் பார்ப்பான். அவ்வளவுதான். வாய் திறக்காது.

நொச்சிக்குப்பத்து அம்மாளுக்குத்தான் கொண்டாட்டம். நான் நிறுத்திய இடத்தில் அவள் கத்திவிடுவாள். "தொபுக்கடீர்! இன்னா நைனா, நீ சொல்றதுக்குள்ள நான் சொல்லிட்டேன் பாரு!" என்று அவன் தோளைத் தட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும். "நீ சும்மா இரு, அவன் சொல்லணும்" என்று சிடுசிடுப்பேன். "நீயும் எத்தினி நாளா சொல்லிக்கினு கீறேக்கா. அவுருக்கு இஸ்டமில்ல போலகீது" என்பாள். இஷ்டமா? பேசுவதற்கு இஷ்டம் என்று ஒன்று உண்டா? அவளைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். அவள் மறுநாளும் வந்தாள், அது அவள் பெருந்தன்மை.

வாரங்கள் போயின. கல்லில் நார் உரிக்கிற கதைதான். பளார் என்று சொல்ல வைக்க என் கன்னத்திலேயே அறைந்து காட்டினேன். பானையைக் கரண்டியால் தட்டி ணங் காட்டினேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். கோயிலிலிருந்து செபமாலை சொல்ல வந்தவர்கள் நல்ல மனசோடு ஒவ்வொரு செபத்திலும் பின்பாதியை அவனுக்காக விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குக் கடவுள் மேல் கோபம், டாக்டர் மேல் கோபம், அண்ணன் மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். ஒரு நாள் தாளை அவன் மடியில் வீசி எறிந்துவிட்டு, "வேணும்னே பண்றியா? ஒரு சின்ன டமால், அதைச் சொல்றதுக்கு உனக்கு என்ன? உன்னைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுடுவாங்கடா பாவி!" என்று கத்தினேன். நான் அண்ணனை வாழ்நாளில் டா போட்டதில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் ஈரம் இருந்தது. நோயில் கண் தானாகக் கசியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் அதையும் என்னால் சாட்சியாகச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் மகன் வந்து இறங்கினான். வந்த மறுநாளே பரீட்சை வைத்ததுபோல் ஆயிற்று. யாரும் வைக்கவில்லை, நானேதான் வைத்தேன். தாள்களைப் பரப்பினேன். மகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் இடது கையைப் பிடித்தபடி உட்கார்ந்தான். நான் வாசித்தேன். வெட்கத்தை விட்டு நாய் மாதிரி குரைத்தும் காட்டினேன். சத்தத்தில் நிறுத்தினேன். அண்ணன் வழக்கம்போல் என்னைப் பார்த்தான். அடுத்த தாள். மறுபடியும் பார்த்தான். நான் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே போனேன்.

"அத்தை, போதும்" என்றான் மகன். என் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கிக் கவிழ்த்து வைத்தான். "நீங்க இவ்வளவு செஞ்சீங்க. நான் மறக்க மாட்டேன். ஆனா போதும்."

"இன்னும் கொஞ்ச நாள் குடுடா."

"எதுக்கு அத்தை? நீங்களும் படுத்துக்கறதுக்கா?"

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் அழுதுகொண்டே சொன்னான். வியாழக்கிழமை காலை இல்லத்திலிருந்து வண்டி வருவதாக ஏற்பாடாயிற்று.

வியாழக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டேன். வேட்டி, சட்டை, மருந்து, அண்ணியின் சின்னப் படம் எல்லாவற்றையும் பையில் வைத்தேன். நொச்சிக்குப்பத்து அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே அவனுக்கு இட்லி பிசைந்து ஊட்டினாள். மகன் வாசலில் நின்று வண்டிக்காரருக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். நான் தாள்களை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டில் விளிம்பில், அண்ணன் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டேன். இனி இவற்றை யாருக்கு வாசிப்பது? முதல் தாள் மேலே இருந்தது. குண்டுப் பையன் ஏணியிலிருந்து விழுகிற கதை. எறும்பு எழுத்தை வாசிக்காமல் விட்டேன். கொழுத்த சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "தொபுக்கடீர்!" என்று கத்தினேன். அவனுக்காக இல்லை, பயிற்சிக்காக இல்லை. எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது, கையில் வேறொன்றும் இல்லை.

அண்ணன் இடது கையை நீட்டி அந்தத் தாளைத் தள்ளினான். அடுத்த தாள் வெளியே வந்தது. விரலை முதல் கட்டத்தின் மேல் வைத்தான்.

எறும்பு எழுத்தின் மேல் வைத்தான். சிவப்பு எழுத்தின் மேல் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நான் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் பங்கை. சத்தம் சின்னவளுடையது. வாசிப்பது பெரியவனுடையது. எளிது, எளிது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாசிக்கிறவனை வாசிக்க விடாமல், எழுத்துத் தெரியாத பிள்ளையின் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டு, அவன் பங்கை நானே தொண்டை கிழிய வாசித்துத் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்து வந்ததும் என்னைப் பார்த்தானே, அது நான் கத்துவேன் என்று பார்த்தது.

அவன் உதடு கோணியது. எச்சில் வழிந்தது. எங்கோ அடியிலிருந்து, பழைய குரலில் பாதிகூட இல்லாத ஒரு குரல் வந்தது.

"வா... டா... குளி... லாம்."

பையன் நாயைக் குளிக்கக் கூப்பிடுகிறான். அதுதான் அந்தக் கதை. விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. நாய் நான்கு காலையும் தரையில் ஊன்றி நிற்கிறது.

"நான்... வர... மாட்டேன்."

இதைத் தெளிவாகச் சொன்னான். விரல் மூன்றாவது கட்டத்துக்குப் போனது. வாளி பையனின் மேலேயே கவிழ்கிறது. விரல் நின்றது. என்னைப் பார்த்தான்.

"சளப்!" என்றேன். எனக்கு வந்தது குரலா அழுகையா என்று தெரியாது. நொச்சிக்குப்பத்து அம்மாள் இட்லிக் கிண்ணத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது.

வாசலிலிருந்து மகன் உள்ளே வந்தான். எங்களைக் கவனிக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். "வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சு. அப்பா, கிளம்பலாமா?" என்றான். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. குழந்தையைத் தூக்கும்முன் கேட்போமே, அப்படி.

அண்ணன் தாளிலிருந்து தலையை எடுத்தான். மகனை நேராகப் பார்த்தான்.

"நான் வர மாட்டேன்."

போன் மகனின் கையிலிருந்து கட்டில் மேல் விழுந்தது. "அப்பா?" என்றான். "அப்பா, என்ன சொன்னீங்க?"

"வர மாட்டேன்" என்றான் அண்ணன்.

மகன் முழங்காலிட்டு அப்பாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்; சின்ன வயதில்கூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "சரிப்பா. சரிப்பா. வேணாம்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. நொச்சிக்குப்பத்து அம்மாள் வெளியே ஓடி, "யாரும் வரல, நீ போயிக்கினே இரு!" என்று விரட்டியது தெருமுழுக்கக் கேட்டது. அன்று மாலையே அவன் இல்லத்துக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இரவுக்கும் ஓர் ஆளைத் தேடிப் போட்டுவிட்டு, லீவு முடிந்து திரும்பிப் போனான்.

இதோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வாரம் பயிற்சிப் பெண் வந்தாள். நான் வாசலிலேயே பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சந்தோஷப்பட்டாள், ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அண்ணனிடம் போய் உட்கார்ந்து, "சார், பேர் என்ன?" என்றாள். "வர மாட்டேன்" என்றான். "காபி சாப்பிட்டீங்களா?" "வர மாட்டேன்." குடைப் படத்தைக் காட்டினாள். "வர மாட்டேன்." நாய்க் குளியல் தாளைக் காட்டினாள், அதை இப்போது அவன் முழுதாகவே வாசித்தான். வேறு ஒரு தாளையும் பாதி வாசித்தான். புதிதாக அவள் எழுதிக் காட்டிய ஒரு வரியை வாசிக்க முடியவில்லை.

என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப் போனாள். "அம்மா, இது படிக்கிறது இல்ல. சின்ன வயசுல மனப்பாடம் ஆனது. பாட்டு, செபம் எல்லாம் மிச்சம் இருக்கிற மாதிரி. அதுல ஒரு வரி வாயில ஒட்டிக்கும், எதைக் கேட்டாலும் அதுவே வரும். நிறைய பேருக்கு இப்படி ஆகும். அர்த்தம் தெரிஞ்சு சொல்றார்னு எடுத்துக்க முடியாது."

"அவன் பையனைப் பார்த்துச் சொன்னான். நான் பக்கத்துல இருந்தேன்."

"இருக்கலாம்மா. நான் இல்லன்னு சொல்லல." கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னா ஒண்ணு செஞ்சு பாருங்க. அவருக்கு ரொம்பப் பிடிச்ச எங்கேயாவது கூப்பிடுங்க. அதுக்கும் வர மாட்டேன்னு சொன்னார்னா, அது வெறும் சத்தம்தான்னு தெரிஞ்சுடும்."

"சரி" என்றேன். அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன்.

அண்ணனுக்குப் பிடித்தது கடற்கரை. வெயில் தாழ்ந்ததும் மணலில் போய் உட்காராவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இப்போதும் தினமும் சாயங்காலம் நானும் நொச்சிக்குப்பத்து அம்மாளும் சக்கர நாற்காலியில் அவனைக் கொண்டுபோகிறோம். மணல் தொடங்குகிற இடத்தில் நிறுத்தினால், அலை தெரியும். நான் தாள் ஒன்றைக் கொண்டுபோவேன். அவன் வாசிப்பான், நான் கத்துவேன், மீன் விற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வீடியோவில் வருவான். "அப்பா, கனடாவுக்கு வர்றீங்களா?" என்பான். "வர மாட்டேன்" என்று வரும். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான். போன வாரம் அவன் சிரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டான்.

"அத்தை, அப்பாவுக்குப் புரியுதுதானே?"

"நல்லாக் கேட்ட போ" என்றேன். "உன்னைவிட நல்லாப் புரியுது."

பயிற்சிப் பெண் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அண்ணனின் தலையை வாரி, செருப்பை மாட்டி, நாற்காலியைத் தெருவில் இறக்குகிறேன். பீச்சுக்குப் போகலாமா என்று மட்டும் அவனைக் கேட்பதில்லை.